பத்துக் கிலோ காலைச் சத்தமில்லாமல் இறக்குவது எப்படி?

அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு காலின் எடை மட்டும் ஏறத்தாழ பத்து கிலோ இருக்கும். நடக்கும்போது விநாடிக்கு இரண்டு முறை இந்தப் பத்துக் கிலோவைத் தரையில் போடுகிறோம். நம் காதுக்கு அது பழகிவிட்டது. ஆனால் இரவு நேரத்தில், மரப்பலகைத் தளம் போட்ட வீட்டுக்குள் அயலார் ஒருவர் இப்படி நடந்தால், அடுத்த அறையில் தூங்குபவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஜப்பானின் மியே மாகாணத்தில் மலைகள் சூழ்ந்த இகாவிலும், அதையொட்டி ஷிகா மாகாணத்தில் இருக்கும் கோகாவிலும் சில நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஷினோபிகள் தீர்க்க வேண்டியிருந்த முதல் சிக்கல் இதுதான். அவர்களைத்தான் இன்று உலகம் நிஞ்ஜா என்று அழைக்கிறது.

இகாவுக்குப் போகும் பயணிகளில் பலர் நட்சத்திர வடிவ ஷுரிகெனை எறிந்து பார்க்கவே துடிக்கிறார்கள். என்னைக் கேட்டால், கற்க வேண்டியவற்றில் அதற்குக் கடைசி இடம். ஷினோபியின் வேலை பெரும்பாலும் சண்டை அல்ல. எதிரியின் கோட்டைக்குள் போய், ஆள் எத்தனை, உணவு எவ்வளவு, மதில் எங்கே பலவீனம் என்று பார்த்து, உயிரோடு திரும்பி வந்து சொல்வது. செத்துப்போன ஒற்றரால் யாருக்கும் பயன் இல்லை. ஆகவே அவர்களுடைய கலை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வளர்ந்தது: காவல்காரரின் கண்ணும் காதும் எவற்றைத் தவறவிடுகின்றன? உடற்கூற்றியல் என்ற துறை அங்கே அறியப்படாத காலத்தில், பட்டறிவால் மட்டுமே அவர்கள் கண்டுபிடித்த பதில்கள் பல இன்றைய அறிவியலுக்குப் பொருந்துகின்றன. சில பொருந்தவில்லை. இரண்டுமே சுவையானவை.

நடையில் தொடங்கலாம். எடை சத்தம் போடுவதில்லை. அதே அறுபது கிலோ மனிதர் அசையாமல் நின்றால் தளம் வாய் திறப்பதில்லை. சத்தத்தை உண்டாக்குவது விசை மாறும் வேகம். குதிகால் தரையில் மோதும் நேரத்தில், நூறில் ஒன்றிரண்டு விநாடிக்குள் விசை கூர்மையாக எழும்புகிறது. அந்தத் திடீர்த் தட்டலில் பலகை அதிர்கிறது. பலகையின் அதிர்வு காற்றில் ஏறி ஒலியாகிறது. அதே எடையை அரை விநாடி எடுத்துக்கொண்டு இறக்கினால் பலகை வளையும், ஆனால் அதிராது.

நுகி-அஷி என்ற ஷினோபி நடை இதைத்தான் செய்கிறது. பாதத்தின் சுண்டுவிரல் ஓரம் முதலில் தரையைத் தொடுகிறது. பிறகு பாதம் பெருவிரல் பக்கமாக மெல்லச் சாய்கிறது. குதிகால் கடைசியில் இறங்குகிறது. கேட்பதற்கு எளிது. செய்யப் போனால் இரண்டாவது எட்டிலேயே தடுமாற்றம் வரும். காரணம், நாம் நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் கொஞ்சம் முன்னால் விழுகிறோம். விழும் உடலை முன்காலின் குதி போய்ப் பிடிக்கிறது. இயற்பியலில் இதைத் தலைகீழ் ஊசல் என்பார்கள். இடுப்பு ஏறி இறங்கும்போது நிலையாற்றலும் இயக்க ஆற்றலும் மாறிமாறிக் கைமாறுவதால், ஒவ்வொரு எட்டுக்கும் தேவையான வேலையில் பாதிக்கும் மேல் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. நாள் முழுக்க நம்மால் நடக்க முடிவது இந்தச் சிக்கனத்தால்தான். ஷினோபியோ இந்தச் சலுகையை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். விழும் உடலை மெதுவாகப் பிடிக்க முடியாது.

ஆகவே முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, உடலின் எடை மையத்தை ஊன்றிய காலின் மேலேயே வைத்துக்கொள்கிறார்கள். முன்கால் தரையைத் தடவிப் பார்த்து, சருகோ தளர்ந்த பலகையோ இல்லை என்று உறுதியான பிறகே எடை அதற்கு மாறுகிறது. தலை மேலும் கீழும் ஆடுவதில்லை. தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து நடப்பவரைப் போல ஒரே மட்டத்தில் நகர்கிறது. நீங்கள் சரியாகச் செய்கிறீர்களா என்று அறிய ஒரு சோதனை உண்டு: எந்த நொடியிலும் அப்படியே நின்றுவிட முடிய வேண்டும். முடியாவிட்டால் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். விலை என்னவென்றால் தொடைத் தசைகள் ஓய்வின்றி இழுபட்ட நிலையிலேயே இருக்கும். சில நிமிடங்களில் தொடை எரியத் தொடங்கிவிடும்.

இதைவிட விசித்திரமான ஒரு நடையும் மரபில் இருக்கிறது. குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதித்து, புறங்கைகளின் மேல் பாதங்களை வைத்து நகர்வது. அடர்ந்த புல்லில் செல்லும் முயலின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். முதல் பார்வையில் சிரிப்பு வரும். ஆனால் விரல் நுனியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரு புள்ளிகளைத் தனித்தனியாக உணர முடியும். பாதத்துக்கு அதைப்போலப் பல மடங்கு இடைவெளி தேவை. தூங்குபவரின் தலைமாட்டைக் கடந்து போகும் கடைசிச் சில அடிகளுக்கு, கண்ணும் உதவாத இருட்டில், கையே கண்.

தளத்தில் எங்கே மிதிப்பது என்பதும் ஒரு கணக்கு. இரு முனைகளில் தாங்கப்பட்ட பலகை நடுவில்தான் அதிகம் வளையும். வளையும்போது ஆணியும் மரமும் உரசி, பிடித்து, வழுக்கி, கீச்சிடும். சுவரோரமாக, தாங்குகட்டைக்குப் பக்கத்தில் மிதித்தால் வளைவு குறைவு, கீச்சும் குறைவு. முதுகைச் சுவரில் ஒட்டிப் பக்கவாட்டில் நகரும் யோகோ-அருகி நடைக்கு இது வசதி. கியோட்டோவின் நிஜோ கோட்டையில் நடந்தால் சிறு பறவை கீச்சிடுவதுபோல ஒலிக்கும் தளத்தை, நிஞ்ஜாக்களைப் பிடிக்கவே செய்த எச்சரிக்கை மணி என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். கதை அழகாக இருக்கிறது. ஆனால் பலகைக்கு அடியில் உள்ள இரும்புப் பிடிப்புகளும் ஆணிகளும் காலப்போக்கில் தளர்ந்து உரசுவதால் தானாக வந்த ஒலி அது என்ற விளக்கமே வலுவானது.

எவ்வளவு மெதுவாக நடந்தாலும் ஒலி முழுவதும் மறையாது. மிச்சத்தை மறைக்க வானிலையை நம்பினார்கள். யோஷிமோரி என்ற பழங்கால வீரரின் பெயரால் வழங்கும் ஷினோபிகளுக்கான நூறு பாடல்களில் ஒன்று, பெருங்காற்றும் பெருமழையும் அடிக்கும் நேரமே மறைந்து நுழையவும் இரவுத் தாக்குதலுக்கும் துணை என்கிறது. காதின் உள்ளே ஒவ்வொரு அதிர்வெண் பகுதிக்கும் தனித்தனி உணர்விகள் இருக்கின்றன. ஒரு பகுதியில் ஏற்கனவே பேரொலி நிரம்பியிருந்தால், அதே பகுதியில் வரும் சிற்றொலி மூளைக்குப் போய்ச் சேராது. மழையின் இரைச்சல் ஏறத்தாழ எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருப்பதால் காலடி, துணி உரசல், கதவுக் கீல் எல்லாவற்றையும் சேர்த்து மூடிவிடுகிறது.

இனி கண். முழுநிலவின் ஒளி நண்பகல் வெயிலில் நாலு லட்சத்தில் ஒரு பங்குதான். அந்த ஒளியில் நிறம் காணும் கூம்பு செல்கள் கிட்டத்தட்ட ஓய்ந்துவிட, கோல் செல்கள் பொறுப்பேற்கின்றன. அவை முழுத்திறனுக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு தீப்பந்தத்தை நேராகப் பார்த்தால் அந்த முதலீடு முழுவதும் நொடியில் போய்விடும். இரு கண்களும் தனித்தனியே இருட்டுக்குப் பழகுகின்றன என்பதால், வெளிச்சத்தைக் கடக்கும்போது ஒரு கண்ணை மூடி வைத்துக்கொள்வது உண்மையிலேயே பலன் தரும். விழித்திரையின் நட்ட நடுவில் கோல் செல்களே கிடையாது. அதனால் இருட்டில் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்க்க வேண்டும். இகாவில் இரவு தங்கினால் ஊருக்கு வெளியே ஒரு வயல்வரப்பில் நின்று நீங்களே செய்து பார்க்கலாம். கைபேசியைப் பையில் வைத்துவிட்டு.

உடையின் நிறமும் இங்கேதான் வருகிறது. கன்னங்கறுப்பு உடை நாடக மேடையும் ஓவியங்களும் பரப்பிய உருவம். இரவின் பின்னணி முழுக் கறுப்பாக இருப்பதில்லை. அதைவிடக் கறுத்த ஆள் நிழலுருவாக எடுபட்டுத் தெரிவார். அவுரி நீலமோ, சீமைப்பனிச்சைச் சாறு ஏற்றிய செம்பழுப்போ பொருத்தம் என்கிறார்கள். கோல் செல்கள் நீலப்பச்சைக்கு அருகே கூர்மையாகவும் சிவப்புக்குக் கிட்டத்தட்ட குருடாகவும் இருப்பதால், செம்பழுப்பு இரவில் நிறமற்ற இருளாகக் கரையும். பகலில் அது ஒரு சாதாரண உழவரின் உடை, அவ்வளவுதான். பிடிபட்டாலும் சொல்ல ஒரு பொய் மிச்சம் இருக்கும். என் கணிப்பில் இந்த இரண்டாவது காரணமே பெரியது.

மறைவதற்கான முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. மரத்தையோ சுவரையோ ஒட்டி, முகத்தை அங்கியின் கைப்பகுதியால் மறைத்து நின்றுவிடுவது, புத்த மதக் கருணைத் தெய்வமான கன்னோனின் பெயர் கொண்ட கன்னோன் மறைவு. முகத்தை உள்ளே புதைத்துக் காடையைப்போல உருண்டு தரையில் சுருங்குவது காடை மறைவு. இரண்டிலும் எந்தக் கருவியும் இல்லை. பார்வையின் ஓரப்பகுதி உருவத்தை அறிவதில் மந்தம், அசைவை அறிவதில் கெட்டிக்காரத்தனம். அசையாத ஒன்று ஓரப்பார்வையில் இருந்தால் மூளை அதைச் சில விநாடிகளில் பின்னணியோடு சேர்த்துக் கரைத்துவிடுகிறது. மனித மூளைக்கு முகங்களைத் தேடிப்பிடிப்பதற்கென்றே ஒரு தனிப்பகுதி இருக்கிறது. முகத்தை மறைத்ததும் அந்தப் பகுதிக்கு இரை இல்லை. மனித உருவின் வெளிக்கோடும் கலைந்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கல், ஒரு புதர்.

அசையாமல் நிற்க விடாமல் தடுப்பது மூச்சும் இதயமும். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது, விடும்போது தளர்கிறது. வேகஸ் நரம்பின் வேலை அது. விடும் மூச்சை நீட்டினால் தளர்வுக்கான நேரம் கூடுகிறது. மெதுவாக விடும் காற்று மூக்கில் சுழல்களை உண்டாக்காமல் வழுக்கிப் போவதால் ஒலியும் எழுவதில்லை. நிஞ்ஜா ஆய்வுக்கென 2017-ல் சர்வதேச மையம் ஒன்றைத் தொடங்கிய மியே பல்கலைக்கழகத்தில், இவ்வாறு மிக நீளமாக மூச்சு விடுவதை மூளையின் மின் அலைகளைப் பதியும் கருவியோடு ஆராய்ந்திருக்கிறார்கள். கைவிரல்களைக் கோத்து ஒன்பது முத்திரைகள் காட்டும் குஜி வழிபாட்டில் மாயம் தேடுபவர்கள் ஏமாறுவார்கள். அச்சத்தில் நடுங்கும் கைக்கு ஒரு பழகிய வேலை கொடுப்பது சிறிய உதவி அல்ல.

ஷுரிகெனுக்கு வருவோம், சுருக்கமாக. தட்டையான நட்சத்திரம் தன் தளத்திலேயே சுழலும்போது நிலையாகப் பறக்கும், ஏனென்றால் அந்த அச்சைச் சுற்றித்தான் அதன் நிலைமத் திருப்புத்திறன் அதிகம். நான்கு முனை இருப்பதால் ஏதாவது ஒன்று குத்திக்கொள்ள நல்ல வாய்ப்பு. அரை மணி நேரத்தில் பலகையில் ஒன்றிரண்டு தைத்துவிடலாம். மகிழ்ச்சியாகத்தான் இருக்கும்.

பயணம் எளிது. ஜே.ஆர். கன்சாய் தடத்தில் இகா-உவேனோ நிலையத்தில் இறங்கி, முகப்பில் நிஞ்ஜா கண்கள் வரைந்த குட்டி ரயிலில் ஏறினால் ஊருக்குள் போய்விடலாம். கோட்டைப் பூங்காவில் இருக்கும் நிஞ்ஜா அருங்காட்சியகத்தில் சுழலும் சுவரும் பலகைக்கடியில் வாள் ஒளித்த இடமும் உள்ள வீட்டைக் காட்டுகிறார்கள். உண்மையாக உடலால் கற்க விரும்பினால் நபாரி நகரத்தின் அகமே அருவிப் பள்ளத்தாக்கில் நடக்கும் பயிற்சிக்குப் போகலாம். காடும் நீரும் அங்கே இருக்கின்றன.

நீர் என்றதும் மிஸுகுமோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீர்மேல் நடக்கும் மரக் காலணி என்று உலகம் நம்பும் வட்டப் பலகை. இகா, கோகா மரபுகளைத் தொகுத்து 1676-ல் எழுதப்பட்ட பான்சென்ஷூகாயில் இதன் படம் இருக்கிறது. விட்டம் ஏறத்தாழ 65 செ.மீ. நடுவில் வெற்றிடம் இருப்பதை மறந்து முழுப் பலகை என்றும், தடிமன் 2 செ.மீ. என்றும் தாராளமாக வைத்துக்கொண்டாலும் கன அளவு ஏழு லிட்டரைத் தொடாது. மரத்தின் அடர்த்தி நீரில் பாதி என்றால் ஒரு பலகை தாங்குவது மூன்றரை கிலோவுக்கும் குறைவு. அறுபது கிலோ மனிதரைத் தாங்க 120 லிட்டர் மரம் வேண்டும். அது காலணி அல்ல, கட்டுமரம். ஆர்க்கிமிடீஸ் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. ஆனால் சேற்றில் கணக்கே வேறு. வெறும் பாதத்தின் பரப்பைப்போல இப்பலகையின் பரப்பு பதினைந்து மடங்குக்கும் மேல். அழுத்தம் அந்த அளவு குறையும். அகழியோரச் சதுப்பில் புதையாமல் போக இது உதவியிருக்கும் என்ற விளக்கத்தை நான் ஏற்பேன்.

பசிக்கு என்ன செய்தார்கள்? கோகாவில் இன்றும் மருந்து நிறுவனங்கள் பல. மூலிகை அறிவுக்கு அங்கே நீண்ட மரபு இருக்கிறது. பான்சென்ஷூகாய் தரும் பசியடக்கும் உருண்டையில் தானிய மாவுகள், மலைக்கிழங்கு, அதிமதுரம் முதலியவற்றைச் சாகே மதுவில் மூன்றாண்டு ஊறவைத்து, பீச் பழக் கொட்டை அளவுக்குப் பிடிக்கிறார்கள். நாளுக்கு மூன்று போதுமாம். ஒன்று பத்து கிராம் என்று வைத்தால் மூன்றிலும் சேர்த்து 120 கிலோகலோரிக்கு மேல் தேறாது. மலையேறும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் தேவை. மிச்சத்தை உடலின் கொழுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். தாகத்துக்கான உருண்டை இன்னும் தந்திரமானது: உப்பில் ஊறிய உமே (ஜப்பானியப் பிளம்) காயின் சதையோடு கற்கண்டு. புளிப்பு நாவில் பட்டதும் உமிழ்நீர் பெருகி வாய் நனைகிறது. ஆனால் அந்த உமிழ்நீரும் உடம்பில் ஏற்கனவே இருந்த நீர்தான். வெளியிலிருந்து ஒரு சொட்டும் சேரவில்லை. அடுத்த ஓடையை எட்டும்வரை வாயை ஏமாற்ற அது போதுமானதாக இருந்திருக்கும்.