‘நான் ஃபார்வர்ட் மட்டும்தான் செய்தேன்’: அவதூறு வழக்கில் எடுபடாத பதில்

வீட்டிலேயே டே கேர் நடத்திக்கொண்டிருந்த ஒரு பெண். பிள்ளைகள் அழாமல் இருக்க அவர் தூக்க மருந்து கொடுக்கிறார் என்று ஒரு குரல் பதிவு குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. பேசியது யார் என்று இன்றுவரை தெரியாது. அங்கிருந்து பள்ளிப் பெற்றோர் குழு, அப்புறம் உறவினர் குழுக்கள். ஒருவர்கூட அவரிடம் நேரில் கேட்கவில்லை. காவல் நிலையத்துக்கோ டாக்டரிடமோ போகவும் இல்லை. பிள்ளைகளை மட்டும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். (அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

பதிவைப் பரப்பியவர்களில் கண்டுபிடிக்க முடிந்தவர்களுக்கு அவர் சார்பில் நோட்டீஸ் அனுப்பினேன். எல்லோருடைய பதிலும் ஒரே அச்சு. “மேடம், நான் பேசலையே. எனக்கு வந்ததை ஃபார்வர்ட் பண்ணினேன், அவ்வளவுதான்.” படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், சிலர் மேலதிகாரிகள். இந்த ஒரு வரியை இத்தனை வருடமாகக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள்தான் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவாக இருக்கின்றன. ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்கும் குற்றச்சாட்டை ‘உருவாக்குபவர் அல்லது வெளியிடுபவர்’ அவதூறு செய்கிறார் என்கிறது அந்தப் பிரிவு. அந்த ‘அல்லது’ சும்மா போட்டதல்ல. முதலில் சொன்னவர் ஒரு குற்றவாளி என்றால், அதை இன்னொருவர் காதுக்குக் கொண்டுபோனவர் தன் பங்குக்கு இன்னொரு குற்றவாளி. கேட்டது ஒரே ஒரு மூன்றாம் நபர் என்றாலும் அது வெளியீடுதான்.

“எனக்கு அவர் மேல் எந்தப் பகையும் கிடையாதே” என்பார்கள் அடுத்து. பகை இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. பெயரைக் கெடுக்க வேண்டும் என்ற நோக்கம் இருந்தால் போதும். நோக்கம் இல்லாவிட்டாலும், கெடும் என்று தெரிந்திருந்தால் போதும். அதுவும் இல்லாவிட்டால், கெடும் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தாலே போதும். குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுக்கிறார் என்ற பேச்சு பரவினால் டே கேர் நடத்துகிறவரின் பெயர் கெடும் என்று புரிய சட்டக் கல்லூரிக்கா போக வேண்டும்?

‘வந்ததை அப்படியே அனுப்புகிறேன்’, ‘உண்மையா தெரியவில்லை, எதற்கும் ஜாக்கிரதை’ என்று மேலே ஒரு வரி சேர்த்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். உண்மையா என்று தெரியாமல்தான் அனுப்பினேன் என்று நீங்களே கைப்பட எழுதிக் கொடுக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று நீங்கள் சொல்லும்போது நீதிமன்றம் முதலில் கேட்கப் போவது, உரிய கவனத்தோடு விசாரித்தீர்களா என்பதைத்தான்.

இதே ‘ஃபார்வர்ட்’ வாதம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை 2018இல் முகநூலில் பகிர்ந்ததற்காக நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி.சேகர் மீது வழக்குகள் வந்தன. படிக்காமல் பகிர்ந்துவிட்டேன், தெரிந்ததும் நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்பது அவர் தரப்பு. 2023 ஜூலையில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் வழக்குகளை ரத்து செய்ய மறுத்தார். அனுப்பிவிட்ட செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரி, அதன் விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்றார். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அதற்கப்புறம் மேல்முறையீடு என்று போனது தனிக்கதை. (அது அவதூறுப் பிரிவில் வந்த வழக்கு இல்லை, வேறு பிரிவுகள். ஆனால் ஃபார்வர்ட் செய்தவரின் பொறுப்பு பற்றிச் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும்.)

பெயர் போடவில்லை என்பது அடுத்த சாக்கு. ‘மூன்றாவது பிளாக்கில் டே கேர் வைத்திருக்கும் அந்த அம்மா’ என்றால் அந்தக் குடியிருப்பில் யாருக்குத் தெரியாது? யாரைச் சொல்கிறீர்கள் என்று படிப்பவருக்குப் புரிந்தால் போதும்.

மீம் தானே, ஜோக் தானே என்பவர்களுக்கு ஒரு சுவாரசியமான செய்தி. பிரிவிலேயே சில உதாரணங்கள் இருக்கின்றன. ‘இசட் நேர்மையானவர், பி-யின் கடிகாரத்தை அவர் திருடியிருக்கவே மாட்டார்’ என்று, அவர்தான் திருடினார் என மற்றவர்கள் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு சொன்னால் அவதூறு. திருடியது யார் என்று கேட்டதற்கு, வாயே திறக்காமல் இசட்டைக் கையால் சுட்டினாலும் அவதூறு. கடிகாரத்தோடு இசட் ஓடுவது போல் படம் வரைந்தாலும் அவதூறுதான். 1860இல் இயற்றிய சட்டத்தில் இருந்த உதாரணங்கள் இவை. மீம் போடுகிறவர்களை அன்றைக்கே யோசித்துவிட்டார்கள்!

உண்மையைச் சொன்னால் குற்றமா? இழப்பீடு கேட்கும் சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்துவிட்டால் பொதுவாக அதுவே போதும். கிரிமினல் வழக்கில் உண்மையாக இருப்பதோடு, அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். ஒருவருடைய நோயையோ விவாகரத்தையோ குழுவில் போட்டுவிட்டு ‘உண்மைதானே’ என்பவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நிஜமான தப்பைப் பார்த்தாலும் வாய் திறக்கக் கூடாது போலிருக்கிறது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது; பிரிவின் எட்டாவது விதிவிலக்கு அதற்காகவே இருக்கிறது. டே கேரில் பிள்ளைக்கு மருந்து கொடுக்கிறார்களோ என்று நிஜமாகவே சந்தேகம் வந்த பெற்றோர் என்ன செய்வார்கள்? பிள்ளையை டாக்டரிடம் காட்டுவார்கள், காவல் நிலையம் போவார்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைப்பார்கள். இத்தனை வழி இருக்கும்போது குழுவில் மட்டும் பரப்பினார்கள் என்றால் அக்கறை எங்கே இருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

பாதிக்கப்பட்டவர்களுக்கு இப்போது. போலீஸ் உடனே எஃப்.ஐ.ஆர் போட்டு ஆளைத் தூக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். வெறும் அவதூறு, காவல்துறை தானாக விசாரிக்கக்கூடிய குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட் முன் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும். நிரூபணமானால் இரண்டாண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவையும் இப்போது தண்டனைகளில் ஒன்று. மார்ஃபிங் செய்த ஆபாசப் படம், பெண்ணைப் பாலியல் ரீதியாக இழிவுபடுத்துவது என்றால் கதை வேறு. அதற்குத் தனிப் பிரிவுகள் உண்டு, சைபர் கிரைம் போலீசிடமே போகலாம். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவில் கேஸ் போடுங்கள் என்று இன்னும் கேட்டு வருகிறார்கள். ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்றே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள். குழுவிலிருந்து வெளியேறுவதற்கு முன் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அனுப்பியவரின் எண், தேதி, நேரம், இணைப்பு எல்லாம் தெரிய வேண்டும். செய்தி வந்த போனை விற்கவோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொல்வோமே, அதுதான். வழக்கு நடக்க நடக்கப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அப்புறம் அலைவீர்கள்.

பதிலுக்கு நீங்களும் குழுவில் இறங்கி அவர் குடும்பக் கதையைப் பேசாதீர்கள். இப்படிப் பேசிவிட்டு வந்து, ‘அவர்தானே மேடம் ஆரம்பித்தார்’ என்று நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தலை வலிக்கிறது. ஒரு கோடி, இரண்டு கோடி என்று இழப்பீடு கேட்க ஆசைப்படுகிறவர்கள், கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, மானநஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்குப் போட ஓராண்டுதான் கெடு. சமாதானம் பேசிப் பேசியே அந்த ஓராண்டைக் கடத்திவிட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்வது?

அனுப்பிவிட்டு இப்போது பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘எல்லோருக்கும் நீக்கு’ என்பதை அழுத்தியதோடு வேலை முடியவில்லை. அதற்குள் படித்தவர் படித்துவிட்டார், அனுப்பியவர் அனுப்பிவிட்டார். எந்தக் குழுவில் போட்டீர்களோ அதே குழுவில், நான் விசாரிக்காமல் அனுப்பினேன், அந்தச் செய்திக்கு ஆதாரமில்லை, சம்பந்தப்பட்டவரிடம் வருந்துகிறேன் என்று சுற்றி வளைக்காமல் எழுதுங்கள். ‘யார் மனதாவது புண்பட்டிருந்தால்’ என்ற இழுவை வேண்டாம். நோட்டீஸ் வருவதற்கு முன்பே இதைச் செய்தவர்கள் மீது வழக்கு வேண்டாம் என்றுதான் பெரும்பாலான கட்சிக்காரர்கள் என்னிடம் சொல்வார்கள். அவர்களுக்கு வேண்டியது இழந்த பெயர்.

நோட்டீஸ் வந்தேவிட்டதா? கிழித்துப் போடாதீர்கள், ஒரு வக்கீலைப் பார்த்துக் கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். அதுவரை ‘எனக்கே நோட்டீஸா’ என்று அதே குழுவில் படம் எடுத்துப் போட்டு நியாயம் கேட்க வேண்டாம். நீங்கள் அங்கே எழுதும் ஒவ்வொரு வரியையும் அன்றைக்கே யாராவது எங்களுக்கு ஃபார்வர்ட் செய்துவிடுகிறார்கள்.