மின்சாரம் நின்றால் முழங்கால் என்னவாகும்?

சக்கரத்தில் ஓடும் ரோபோவில் கோளாறு தெரிந்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறோம். அது இருந்த இடத்திலேயே நின்றுவிடும். கால்கள் செயலிழந்த ஒருவரைத் தாங்கி நடக்கவைக்கும் புறச்சட்டகத்தில் அதையே செய்தால், முழங்கால் மூட்டை இயக்கிக்கொண்டிருந்த மோட்டார் தளர்ந்து, அவர் சட்டகத்தின் எடையோடு சேர்ந்து சரிந்து விழுவார். ஆகவே, இத்தகைய சட்டகத்தை உருவாக்கும் மாணவர் குழு மின்சுற்றை வரையத் தொடங்கும் முன்பே, எல்லாம் செயலிழந்த நிலையில் மூட்டு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை முடிவு செய்துவிட வேண்டும்.

எளிய விடை ஒன்று மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. அதன் சுருள்களிலிருந்து வரும் மூன்று முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், காந்தம் சுழலும்போது சுருள்களில் தூண்டப்படும் மின்னோட்டமே அந்தச் சுழற்சியை எதிர்க்கும். முழங்கால் சட்டென்று சரியாமல், கெட்டித் தேனுக்குள் அசைவதுபோல் மெல்ல மடியும். இந்த இணைப்பை டிரான்சிஸ்டர்களிடம் மட்டும் ஒப்படைக்க முடியாது, ஏனெனில் அவற்றை இயக்கவும் மின்சாரம் தேவை. மின்சாரம் போனதும் தானாகவே இணைந்துகொள்ளும் ரிலே தொடுப்புகளே இங்கு நம்பகமானவை. எனினும் இம்முறை அசைவைத் தாமதப்படுத்துமே தவிர மூட்டைப் பூட்டாது. நின்ற நிலையிலேயே தாங்க வேண்டுமெனில், மின்சாரம் அற்றதும் ஸ்பிரிங் விசையால் இறுகும் பிரேக்கும் வேண்டும்.

அடுத்த ஆபத்து, நாற்காலியில் உட்காரும்போது வருகிறது. சூரிக்கின் ஈடிஹெச் பல்கலைக்கழகம் 2016இல் தொடங்கிய, மாற்றுத்திறனாளிகள் துணைக்கருவிகளோடு போட்டியிடும் சைபாத்லான் போட்டியில், அமர்ந்து எழுவதும் புறச்சட்டகத்துக்கான சோதனைகளுள் ஒன்று. மனிதரும் சட்டகமுமாக 100 கிலோ எடை 40 செ.மீ. கீழிறங்கினால் ஏறக்குறைய 390 ஜூல் ஆற்றல் வெளிப்படும். அப்போது மோட்டார்கள் ஜெனரேட்டர்களாக மாறி, அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். பேட்டரி முழுமையாகச் சார்ஜ் ஆகியிருந்து, அதன் பாதுகாப்புச் சுற்று கதவை அடைத்துவிட்டால் அந்த ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை. மின்சுற்றில் உள்ள 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 48 வோல்ட்டிலிருந்து 60 வோல்ட்டுக்கு உயரும்போது ஏற்றுக்கொள்வது வெறும் 0.65 ஜூல்தான். உபரியை எரித்துவிடும் தடையம் ஒன்று இல்லாவிட்டால், உயரும் மின்னழுத்தம், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சுற்றான டிரைவரையே கருக்கிவிடும். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது பயன்படுத்தும் சாதாரண பவர் சப்ளையும் மின்னோட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது என்பது பலருக்கும் ஒரு டிரைவரை இழந்த பிறகுதான் உறைக்கிறது.

இவற்றைவிட அற்பமாகத் தோன்றினாலும், அதிகத் தொல்லை தருவது முழங்காலைக் கடந்து செல்லும் கம்பிதான். நிமிடத்துக்கு 100 காலடி என்ற சாதாரண நடையில் ஒவ்வொரு காலும் 50 முறை எட்டுவைக்கிறது. அதாவது அந்தக் கம்பி மணிக்கு 3000 முறை வளைந்து நிமிர்கிறது. பல இழைக் கம்பியின் முனையில் சாலிடர் வைத்தால், உருகிய சாலிடர் இழைகளுக்குள் ஏறிச் சிறிது தூரத்தை விறைப்பாக்குகிறது. அந்த விறைப்பு முடியும் விளிம்பில்தான் இழைகள் ஒவ்வொன்றாக அறுபடுகின்றன. எனவே முனையைச் சாலிடர் இன்றி நசுக்கிப் பிடித்து (கிரிம்ப் செய்து), கனெக்டருக்கு அருகில் கம்பியை இறுகப் பிடித்துவைத்து, மூட்டின் அச்சைச் சுற்றித் தளர்வான வளையமாகக் கொண்டுசெல்வதே சரியான வழி.

அறுந்த இழைகள் ஓய்வில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் என்பதால், மேசையில் மல்டிமீட்டர் எல்லாம் சரி என்றே காட்டும். இங்கே கைகொடுப்பது, மின்பலகைகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் பஸ் என்னும் கம்பித் தடம். முறுக்கிய இரு கம்பிகளின் மின்னழுத்த வேறுபாட்டையே அது செய்தியாகக் கொள்வதால், மோட்டாரின் மின்னிரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறி, கழிந்துபோகிறது. இரு கடைசி முனைகளிலும் 120 ஓம் தடையங்கள் இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி அளந்தால் கம்பிகளுக்கிடையே 60 ஓம் காட்டும், 120 காட்டினால் ஒரு முனை விடுபட்டிருக்கிறது. கட்டளை சில மில்லிவினாடிகள் வராவிட்டால், மோட்டார் பலகை பழைய விசையையே தொடராமல், மேலே சொன்ன தேன் நிலைக்குத் தானே மாறிவிட வேண்டும்.

கேன் கட்டுப்படுத்தி ஒவ்வொன்றும் தான் கண்ட பிழைகளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நடக்கும்போது அந்த எண்ணையும் முழங்கால் கோணத்தையும் ஒருசேரப் பதிவுசெய்தால், பிழைகள் எப்போதும் ஒரே கோணத்தில் கூடுவது வரைபடத்தில் தெரியவரும்; முழுவதும் அறுந்துபோகும் முன்பே அந்தக் கம்பியை மாற்றிவிடலாம்.