எத்தனை பீப்பாய் என்று யார் எழுதுவது?

கச்சா எண்ணெயிலும் பெட்ரோலிலும் இருக்கும் நச்சுப்பொருள் பென்சீன். அதைச் சோதிக்கத் தண்ணீர் பிடிக்கப் பொறுமை வேண்டும். நாற்பது மில்லி கண்ணாடிக் குப்பி. விளிம்பில் தண்ணீர் லேசாகப் புடைத்து நிற்கிற வரை நிரப்பி, அப்படியே மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து, விரலால் இரண்டு தட்டு. ஒரு காற்றுக்குமிழி மேலே ஏறினால் அந்தக் குப்பியைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டியதுதான். பென்சீன் தண்ணீரை விட்டு அந்தக் காற்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்; ஆய்வகத்தில் கணக்கு குறைவாக வரும். நைஜீரியாவில், போர்ட் ஹார்கோர்ட்டில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை பார்த்த வருடங்களில் இப்படி எத்தனை குப்பிகளைத் தட்டியிருப்பேனோ தெரியாது.

ஒருமுறை படகில் மட்டுமே போக முடிகிற ஒரு கழிமுகக் கிராமத்தில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். கிணற்றுக்குச் சொந்தக்கார அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தார். நான் முடித்ததும் அவர் வாளியை இறக்கினார். தண்ணீர்மேல் மின்னிய படலத்தைத் தட்டின் விளிம்பால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து குடத்துக்கு முகந்து ஊற்றினார். பிறகு என்னிடம், “ரிசல்ட் வந்தால் எனக்கும் சொல்வாயா மகனே?” என்று கேட்டார். ஏதோ சொல்லி மழுப்பினேன். சோதனைக்குப் பணம் கட்டுகிறவருக்குத்தான் அறிக்கை போகும், தண்ணீரைக் குடிக்கிறவருக்குப் போகாது. எங்கள் ஒப்பந்தம் அப்படி.

இது என் ஆய்வகத்துக்கு மட்டும் உள்ள கோளாறு அல்ல. நைஜீரியாவின் எண்ணெய் வளப் பகுதியான நைஜர் டெல்டா முழுவதும் அளவுகோல் யார் கையில் இருந்ததோ அவர்தான் நியாயத்தையும் அளந்து கொடுத்திருக்கிறார்.

1956-ல் ஒலோய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கண்டார்கள். இரண்டு வருடத்தில் ஏற்றுமதி தொடங்கியது. 1978-ல் வந்த நிலப் பயன்பாட்டுச் சட்டம் மாநிலத்தின் நிலத்தையெல்லாம் ஆளுநர் பொறுப்பில் வைத்துவிட்டது. எண்ணெய் அதற்கு முன்பே மத்திய அரசின் சொத்து. ஊராருக்கு மிஞ்சியது மீனும் மரவள்ளியும் கண்டல் வேரில் ஒட்டும் நத்தையும்தான். கசிவு வந்தால் முதலில் போவதும் அவைதான். இதை உரக்கச் சொன்ன, டெல்டாவின் ஒகோனி இனத்து எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் எட்டுப் பேரையும் ராணுவ அரசு 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. 2025-ல் அரசு அவர்களுக்கு ‘மன்னிப்பு’ வழங்கியது. செய்யாத குற்றத்துக்கு எதற்கு மன்னிப்பு என்று ஒகோனி மக்கள் கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஒகோனிப் பகுதியை ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 14 மாதம் களத்தில் ஆராய்ந்து 2011 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. ஒகாலே பகுதியில் ஒரு குடியிருப்பின் கிணற்று நீரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைப்போல 900 மடங்குக்கு மேல் பென்சீன் இருந்தது. நிலத்தடி நீரின்மேல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குச் சுத்திகரித்த எண்ணெய் மிதந்தது. எட்டு சென்டிமீட்டர் என்றால் என்னவென்று தெரிய, பெய்லர் குழாயை ஒருமுறை கிணற்றுக்குள் இறக்கி ஏற்ற வேண்டும். நீளமான, உள்ளே தெரிகிற குழாய் அது. மேலே வரும்போது அடியில் தண்ணீரும், அதன்மேல் நாலு விரல் உயரத்துக்கு எண்ணெயும் தனித்தனியாக நிற்கும். அறிக்கைக்கு ஆறு வருடத்துக்கும் முந்தைய கசிவு அது. பக்கத்தில் ஓடியது அரசு எண்ணெய் நிறுவனத்தின் குழாய். வெளிநாட்டுக் கம்பெனியை மட்டும் திட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆபத்து என்று தெரிந்தும் மக்கள் அதைத்தான் குடித்தார்கள், வேறு தண்ணீர் இல்லை.

“காய்ச்சிக் குடித்தால் போதும்” என்று படித்தவர்களே அங்கே சொல்லக் கேட்டிருக்கிறேன். கிருமிக்கு அது சரி. பென்சீன் கொதிக்கும்போது ஆவியாகி அடுப்படிக் காற்றில் கலக்கும். அடுப்பருகே நிற்கிறவர் அதைச் சுவாசிப்பார். ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. “வாசனை போய்விட்டது, தண்ணீர் நன்றாகிவிட்டது” என்பதும் தவறு. குடிநீரில் அனுமதித்த அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நம் மூக்குக்குப் பிடிபட வேண்டுமானால் அதைப்போல நூறு மடங்குக்கு மேல் வேண்டும். மூக்கை நம்பிக் குடிக்கக் கூடாது.

இனி, எத்தனை பீப்பாய் கசிந்தது என்று எழுதும் படிவத்துக்கு வருகிறேன். கசிவு நடந்தால் கம்பெனி, அரசு முகமைகள், ஊர்ப் பிரதிநிதிகள் எல்லோரும் சேர்ந்து இடத்தைப் பார்க்க வேண்டும். கூட்டு ஆய்வு என்று பெயர். அங்கே நிரப்பும் படிவத்தில் மூன்று விஷயங்கள் முக்கியம்: எப்போது தொடங்கியது, எத்தனை பீப்பாய், என்ன காரணம். காரணம் ‘துரு’ என்றால் நஷ்டஈடு உண்டு. ‘நாசவேலை’ என்றால் இல்லை. ஒரு குடும்பத்தின் பத்து வருட வாழ்க்கை அந்த ஒரு கட்டத்தில் நிற்கிறது. ஆனால் குழாயைத் தோண்டிக் காட்டும் பொறியாளரும் ஆட்களை அழைத்துப் போகும் படகும் பெரும்பாலும் கம்பெனியுடையவை.

ஒகோனிப் பகுதியின் போடோ என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். 2008-ல் ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் குழாய் உடைந்து அந்த ஊர்க் கழிமுகம் கறுத்தது. ஊரார் சொன்ன தேதி ஆகஸ்ட் 28. கம்பெனி சொன்னது அக்டோபர் 5. முதல் கசிவுக்குப் படிவத்தில் ஏறிய அளவு மொத்தம் 1,640 பீப்பாய். ஊரார் எடுத்திருந்த வீடியோவைப் பார்த்துக் கணக்கிட்ட தனி நிபுணர்களோ ஒரு நாளைக்கே 1,440 முதல் 4,320 பீப்பாய் வரை போயிருக்கும் என்றார்கள். வழக்கு லண்டனுக்குப் போன பிறகுதான், குறைத்துக் கணக்கிட்டோம் என்பதைக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 2015 ஜனவரியில் 5.5 கோடி பவுண்டுக்கு உடன்பாடு: 15,600 பேருக்கு 3.5 கோடி, ஊருக்குப் பொதுவாக 2 கோடி. ஆரம்பத்தில் அந்த ஊருக்குக் கொடுக்க முன்வந்தது 4,000 பவுண்டு. ஒரு வீடியோ செய்த வேலை இது.

நாசவேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குழாயில் துளை போட்டு எண்ணெய் எடுத்து, கண்டல் காட்டுக்குள் டிரம்மில் காய்ச்சி டீசல் இறக்குகிறார்கள். 2016 கடைசியிலிருந்து போர்ட் ஹார்கோர்ட் நகரத்தில் கரித்தூள் இறங்கத் தொடங்கியதற்கு அது ஒரு பெரிய காரணம். காலையில் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டையைச் சாயங்காலம் எடுத்தால் தோள்பட்டையில் கறுப்பு ஒட்டியிருக்கும். ஆனால் மீன் போன பிறகுதான் பல பையன்கள் அந்த டிரம்முக்குப் போனார்கள். எது முதலில் வந்தது என்று படிவத்தில் எழுத இடமில்லை. நாசவேலை என்று சொல்கிற கம்பெனிதான் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்று 2021 ஜனவரியில் நெதர்லாந்தின் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் நைஜீரியச் சட்டப்படியே சொன்னது. டெல்டா விவசாயிகள் ஷெல் மேல் 2008-ல் போட்ட வழக்கு அது. போட்டவர்களில் சிலர் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை.

அதே 2021-ல் வந்த பெட்ரோலியத் தொழில் சட்டம், கம்பெனிகள் முந்தைய வருட இயக்கச் செலவில் 3 சதவீதத்தை ஊர் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் நாசவேலையில் சேதம் வந்தால் பழுதுபார்க்கும் செலவை அந்த நிதியிலேயே கழித்துக்கொள்ளலாம். யாரோ இரவில் வந்து போடும் துளைக்கு ஊர்ப் பள்ளிக்கூடம் பணம் கட்ட வேண்டும். இதில் எனக்குச் சம்மதமில்லை.

சுத்தப்படுத்துவதிலும் அளவுகோல் விளையாட்டு உண்டு. எண்ணெய் ஊறிய மண்ணை உழுது, வரப்பு வரப்பாகக் கூட்டி, நுண்ணுயிர் தின்றுவிடும் என்று விட்டுவிடுவார்கள். சில மாதம் கழித்து மேல்மண்ணில் மாதிரி எடுத்தால் அறிக்கை அழகாக வரும். ஐ.நா. குழு ஆழமாகத் தோண்டியபோது 49 இடங்களில் 5 மீட்டர் ஆழத்திலும் எண்ணெய் இருந்தது. மழை கொட்டுகிற ஊரில் அது கீழே போகாமல் வேறெங்கே போகும்?

எண்ணெய்த் துறை வேலைக்கு நைஜீரியா, அங்கோலா என்று போகும் நம் பிள்ளைகள் நிறைய. களத்தில் நிற்கும் கெமிஸ்ட்டும் பொறியாளரும் நீங்களாக இருக்கலாம். எந்த ஆழத்தில் எடுத்தோம் என்று எழுதாமல் மண் மாதிரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கசிவு தொடங்கிய தேதியை ஊராரிடமும் கேட்டு, இரண்டும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஒப்பந்தம் பேசும்போதே குடிநீர் முடிவின் ஒரு பிரதி வீட்டுக்காரருக்கும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டேன், நாலாவது ஒப்பந்தத்தில்தான் அந்த வரி ஏறியது.

அந்த அம்மா அன்று என்னை அடுப்படிக்கு அழைத்துப் போனார். சுவரில் சர்ச் காலண்டர். அதில் மூன்று தேதிகளை நீலப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்: ஆற்றில் எண்ணெய் பார்த்த நாள், மகன் கம்பெனிக்குப் போன் செய்து சொன்ன நாள், கம்பெனி ஆட்கள் வந்த நாள். முதல் வட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் இடையில் பத்தொன்பது நாள். என் கையிலிருந்த தாளில் கசிவு தொடங்கியதாக அச்சிட்டிருந்தது மூன்றாவது வட்டத்துக்கு முந்தைய நாள்.