உஜ்வலா கேஸ் இணைப்பு: யாருக்குக் கிடைக்கும், முதல் சிலிண்டர் தீர்ந்த பிறகு என்ன செய்வது?

விறகு, சுள்ளி, தென்னை மட்டை, வறட்டி வைத்துச் சமைக்கிற ஏழைக் குடும்பத்தில் கேஸ் இணைப்பு இல்லையென்றால், அந்த வீட்டுப் பெண் டெபாசிட் கட்டாமலேயே ஓர் இணைப்பு வாங்கலாம். அதற்கான மத்திய அரசுத் திட்டம்தான் பிரதான் மந்திரி உஜ்வலா யோஜனா. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் உஜ்வலா 2.0 என்று விரிவாக்கினார்கள். நாடு முழுக்க இதுவரை பத்து கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் கொடுத்திருக்கிறார்கள்.

இணைப்பு வாங்குவது எப்படி என்று சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டாவது சிலிண்டரை, மூன்றாவது சிலிண்டரை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் பல வீடுகளில் தெரியாமல் நிற்கிறது. அதனால் இங்கே அதற்கே அதிக இடம்.

முதலில் புகையைப் பற்றிக் கொஞ்சம். கண் எரிச்சலும் இருமலும் மட்டும் என்றால் இவ்வளவு பெரிய திட்டமே தேவைப்பட்டிருக்காது. விறகு முழுதாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடும், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் வெளியே வருகின்றன. பி.எம். 2.5 என்று சொல்லப்படும் இந்தத் துகள்கள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடி வரை போய்விடும். ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இந்தியாவின் அளவுகோல் 60. சாளரம் இல்லாத சமையலறையில் ஈர விறகு எரியும்போது இது பல நூறுகளுக்குப் போகும்.

நாள்பட்ட மூச்சடைப்பு நோய், மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், குழந்தைகளுக்கு வரும் நிமோனியா, கண்புரை என்று இதனோடு தொடர்புடைய நோய்கள் நீள்கின்றன. வீட்டுக்குள் ஏற்படும் காற்று மாசால் 2020-இல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது நடந்தது விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளில். பாதிப் பேருக்கு அடுப்பும் கேஸும் இலவசமாகக் கொடுத்து, தீரத் தீரச் சிலிண்டர் வீட்டுக்கே போனது. மீதிப் பேர் வழக்கம்போல விறகில் சமைத்தார்கள். விறகில் சமைத்த கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகள் அளவு சராசரியாக 103 மைக்ரோகிராம். கேஸுக்கு மாறியவர்களுக்கு 35.

அதே ஆய்வில், பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் மட்டும் புகை நின்றால் போதாது, பல ஆண்டுப் புகையின் பாதிப்பு சில மாதத்தில் போகாது என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் எனக்கு அந்த ஆய்வில் பெரிதாகப் படுவது வேறு. சிலிண்டருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை, அலைய வேண்டியதில்லை என்றவுடன் அந்தப் பெண்கள் விறகடுப்பைப் பெரும்பாலும் விட்டேவிட்டார்கள். “கிராமத்துப் பெண்களுக்கு விறகுதான் பழக்கம், மாற மாட்டார்கள்” என்று சொல்லுவது சரியில்லை. தடையாக இருப்பது பணமும் தூரமும்.

சரி, யாருக்குக் கிடைக்கும்? விண்ணப்பிப்பவர் 18 வயது நிரம்பிய பெண்ணாக இருக்க வேண்டும். இணைப்பு அவர் பெயரில்தான் வரும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பரம ஏழைகளுக்கான அந்தியோதயா ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள், பிரதமர் கிராம வீட்டு வசதித் திட்டத்தில் வீடு பெற்றவர்கள், வனவாசிகள், தேயிலைத் தோட்டப் பழங்குடிகள், தீவுகளில் வசிப்பவர்கள் ஆகியோரை 2018-இல் தனித்தனிப் பிரிவாகச் சேர்த்தார்கள். இந்தப் பட்டியலில் வராத ஏழைக் குடும்பமும் விண்ணப்பிக்கலாம். வருமானம், அரசு வேலை, வாகனம், நிலம் போன்ற விவரங்களைக் கேட்கும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதில் பொய்யாக எழுதிக் கொடுக்காதீர்கள். பின்னால் சரிபார்க்கும்போது இணைப்பே போய்விடும்.

நிறைய விண்ணப்பங்கள் தள்ளுபடியாவது வேறொரு நிபந்தனையில்: அதே வீட்டில் வேறு யார் பெயரிலும், எந்த நிறுவனத்தின் கேஸ் இணைப்பும் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் இது அடிக்கடி இடிக்கும். 2006-க்குப் பிறகு மாநில அரசு இலவசமாகக் கொடுத்த கேஸ் இணைப்பு மாமியார் பெயரில் இருக்கும். அந்தச் சிலிண்டர் பல வருடமாக நிரப்பப்படாமல் மூலையில் கிடக்கும். ஆனாலும் கணினியில் அது ஓர் இணைப்புதான். மருமகள் அதே ரேஷன் கார்டில் இருந்தால் அவருக்கு உஜ்வலா கிடைக்காது. தனிச் சமையல், தனிக் குடும்பம் என்றால் முதலில் தனி ரேஷன் கார்டு வாங்கிக்கொண்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். ஒரே குடும்பம்தான் என்றால், அந்தப் பழைய இணைப்பையே ஏஜென்சியில் பேசி மறுபடி உயிர்ப்பிக்கலாம். மானியம் வராது, ஆனால் கேஸ் வரும்.

ஆவணங்கள் அதிகமில்லை. விண்ணப்பிப்பவரின் ஆதார், குடும்பத்தில் வயது வந்த எல்லோருடைய ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு விவரம், புகைப்படம், உறுதிமொழிப் படிவம். வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்து தங்கியிருப்பவர்களிடம் உள்ளூர் ரேஷன் கார்டோ முகவரிச் சான்றோ இருக்காது. அவர்களுக்காகத் தனி உறுதிமொழி இருக்கிறது. குடும்ப விவரத்தையும் முகவரியையும் தாங்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள் பலருக்கு இது தெரியாது. யாராவது அப்படித் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள்.

இண்டேன், பாரத் கேஸ், எச்பி கேஸ் ஆகிய மூன்றில் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஏஜென்சி இருக்கிறதோ அங்கே நேரில் கொடுக்கலாம். உஜ்வலா இணையதளத்திலும் பதியலாம். என்னைக் கேட்டால், நிறுவனத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், எந்த வண்டி உங்கள் தெருவுக்கு ஒழுங்காக வருகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து முடிவு செய்யுங்கள். புதிய இணைப்புகளை மத்திய அரசு தவணை தவணையாகத்தான் அனுமதிக்கிறது. 2023-இல் 75 லட்சம், 2025-இல் 25 லட்சம் என்று வந்தது. ஒரு தவணை முடிந்திருந்தால் அடுத்ததற்குக் காத்திருக்க நேரிடும்.

சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் டெபாசிட், ரப்பர் குழாய், கேஸ் புத்தகம், பொருத்திக் காட்டும் கட்டணம் எதற்கும் பணம் கிடையாது. உஜ்வலா 2.0-இல் அடுப்பும் முதல் சிலிண்டரும் கூட இலவசம். தொடக்க காலத்தில் இந்த இரண்டையும் கடனாகக் கொடுத்துவிட்டு, வரும் மானியத்தில் கழித்துக்கொண்டார்கள். இப்போது அந்தக் கடன் இல்லை. யாராவது பணம் கேட்டால் ரசீது கேளுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். 2025 ஏப்ரலில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868.50 ரூபாய் ஆனது. உஜ்வலா பயனாளிக்கு ஒரு சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. 2022 மே மாதம் 200 ரூபாயாக அறிவித்து, 2023 அக்டோபரில் 300 ஆக்கினார்கள். முன்பு வருடத்துக்கு 12 சிலிண்டர் வரை கிடைத்த இந்த மானியம், 2025-26 நிதியாண்டுக்கு 9 சிலிண்டருக்கு மட்டும் என்று குறைக்கப்பட்டது.

ஆனால் மானியம் போக மீதியை மட்டும் கொடுத்து யாரும் சிலிண்டர் வாங்க முடியாது. வண்டி வரும்போது முழுத் தொகையையும் எண்ணி வைக்க வேண்டும். மானியம் அப்புறம்தான் வங்கிக்கு வரும். தினக்கூலி வாங்கும் வீட்டில் ஒரே நாளில் அவ்வளவு பணத்தை எடுத்து வைப்பது எவ்வளவு பாரம் என்பதைத் திட்டம் போட்டவர்கள் இன்னும் முழுதாக உணரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எண்ணிக்கையும் அதைத்தான் காட்டுகிறது. உஜ்வலா வீடுகள் 2019-20-இல் வருடத்துக்குச் சராசரியாக மூன்று சிலிண்டர்தான் வாங்கின. 2024-25-இல் அது ஏறத்தாழ நாலரை ஆனது. நாலைந்து பேர் உள்ள வீட்டில் முழுச் சமையலும் கேஸில் என்றால் ஒன்றரை மாதத்துக்கு ஒன்றாவது வேண்டும். அப்படியானால் பல வீடுகளில் பாதிச் சமையல் இன்னும் விறகில்தான் நடக்கிறது.

இதற்குத் திட்டத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டருக்குப் பதிலாக 5 கிலோ சிலிண்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு தடவை கொடுக்க வேண்டிய தொகை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வரும். மானியமும் எடைக்குத் தக்கபடி ஏறத்தாழ 105 ரூபாய் கிடைக்கும். வாரக்கூலி வாங்கும் வீட்டுக்கு இது ஒத்துவரும். பெண்ணே தூக்கிக்கொண்டு போகலாம் என்பதும் சின்ன விஷயமில்லை. ஏஜென்சியில் தானாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மானியம் வரவில்லை என்ற புகாரில் பெரும்பாலும் பணம் எங்கோ வந்துதான் இருக்கும். ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கை இணைத்தீர்களோ, அதற்குத்தான் மானியம் போகும். நூறு நாள் வேலைக்கு ஒரு வங்கி, மகளிர் உரிமைத் தொகைக்கு இன்னொரு வங்கி, சுயஉதவிக் குழுவுக்கு மூன்றாவது என்று வைத்திருப்பவர்கள் எல்லாப் புத்தகத்தையும் ஒரு தடவை பதிவு போட்டுப் பாருங்கள். அத்தோடு, வருடத்துக்கு ஒரு முறை ஆதார் சரிபார்ப்பும் செய்ய வேண்டும். கைரேகையோ முகமோ போதும். ஏஜென்சியில், சிலிண்டர் கொண்டுவருபவரிடம், அல்லது போனில் நிறுவனத்தின் செயலியில் முடித்துக்கொள்ளலாம். கட்டணம் இல்லை. செய்யாவிட்டால் எட்டாவது, ஒன்பதாவது சிலிண்டருக்கான மானியம் நின்றுவிடும்.

கேஸ் வந்த வீட்டிலும் கொல்லையில் விறகடுப்பு இருக்கும். குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவிக்க. இதையெல்லாம் ஒரே நாளில் நிறுத்தச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்த அடுப்பு திறந்த வெளியில் இருக்கட்டும், விறகு நன்றாகக் காய்ந்திருக்கட்டும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊத வேண்டாம். வீட்டுக்குள் நடக்கிற தினச் சமையலை முழுதாகக் கேஸுக்கு மாற்றுங்கள்.

கேஸோடு வேறு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். இரண்டாயிரம் வாட் இண்டக்‌ஷன் அடுப்பு அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு யூனிட். காலையில் பாலும் சோறும் மட்டும் அதில் வைத்தால் மாதத்துக்கு முப்பது யூனிட் ஆகும், சிலிண்டரும் கூடுதல் நாள் வரும். நாலைந்து மாடு இருந்தால் சாண எரிவாயுக் கலனையும் யோசிக்கலாம். இரண்டு கன மீட்டர் கலனுக்கு நாளுக்கு ஏறத்தாழ 50 கிலோ சாணம் வேண்டும். மத்திய அரசு மானியமும் இருக்கிறது.

சிலிண்டரை வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும். சி-28 என்றிருந்தால் 2028 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று அர்த்தம். ஏ என்பது மார்ச், பி ஜூன், டி டிசம்பர். தேதி தாண்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். அதே பட்டையில் காலி எடையும் இருக்கும். அது 15.3 கிலோ என்றால் மொத்தம் 29.5 கிலோ இருக்க வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செலவு பில் தொகைக்குள்ளேயே அடங்கிவிட்டது. போனுக்கு வரும் குறியீட்டு எண்ணைச் சிலிண்டர் கைக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டும்.

கேஸ் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீடும் உண்டு, நீங்கள் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம், பதிவு செய்த வீட்டுக்குச் சேதம் என்றால் 2 லட்சம் வரை. விபத்து நடந்தால் உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், காவல் நிலையத்திலும் பதிய வேண்டும். வாசனை வந்தால், எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு சாளரத்தைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். நாள் முழுக்க எடுப்பார்கள்.

உஜ்வலா பற்றிய கேள்விக்கு 1800-266-6696, மற்ற கேஸ் புகார்களுக்கு 1800-2333-555. இரண்டும் கட்டணமில்லா எண்கள். பேசும்போது கேஸ் புத்தகத்தைக் கையில் வைத்திருங்கள், நுகர்வோர் எண் கேட்பார்கள். பேசி முடித்ததும் புகார் எண்ணை அந்தப் புத்தகத்தின் அட்டையிலேயே எழுதி வையுங்கள். அடுத்த தடவை ஏஜென்சிக்குப் போகும்போது அந்த எண்ணைச் சொல்லியே பேச்சைத் தொடங்கலாம்.