அத்தையின் கடையில் போக மறுத்த பழைய பக்கம்

"என் ஹேண்ட்ஃபோன்ல புதுப் பக்கம் வருது. கடை கம்ப்யூட்டர்ல இன்னும் பழசுதான் நிக்குது. பாதி வேலைதான் பாத்தியாடா?"

பினாங்கு லெபோ பசாரில் அத்தைக்குப் பலகாரக் கடை. தீபாவளி முறுக்கு ஆர்டர் சூடுபிடிக்கும் முன்பு, அன்று காலை 11 மணிக்குத்தான் கடையின் இணையதளத்தைப் புது சர்வருக்கு மாற்றியிருந்தேன். நான் செய்தது ஒரே காரியம்: கடையின் இணையப் பெயரான டொமைனின் ஏ ரெக்கார்டில், பழைய சர்வரின் முகவரியான ஐபி எண்ணை அழித்துப் புதியதை எழுதினேன். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் வரி அது. மின்னஞ்சலுக்கு வழிகாட்டும் எம்எக்ஸ் ரெக்கார்டு வேறு வரி. அதில் கை வைக்கவில்லை.

ஒரு காலத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் அதைப் பராமரிக்க, மற்றவர்கள் நகலெடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக அது கட்டுபடியாகவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் என்ற பெயர் தேடும் முறை, அந்தப் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தது. கடையின் பெயர் 'டாட் மை' என்று முடிகிறதா? மூல சர்வர் 'மை' வீட்டைக் காட்டும். மலேசியாவின் பெயர்ப் பதிவு நிறுவனமான மைநிக் நடத்தும் அந்த வீடு, கடையின் பெயர் சர்வரைக் காட்டும். எண் அங்கேதான் கிடைக்கும்.

நம் கம்ப்யூட்டர் இப்படி வீடு வீடாக அலைவதில்லை. இணைய இணைப்பு தருபவரின் ரிசால்வர் என்ற தேடும் சர்வர் நமக்காக அலைந்து, கிடைத்த பதிலை நினைவிலும் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம்? ரெக்கார்டோடு வரும் டிடிஎல் என்ற எண் சொல்லும். பழைய ரெக்கார்டில் அது 86400 விநாடி, அதாவது ஒரு நாள். ஹேண்ட்ஃபோன் டேட்டாவில் ஓடியதால் அது கேட்டது வேறு ரிசால்வரிடம். அதன் நினைவில் பழைய எண் இல்லை.

மாலை 5 மணிக்குக் கடை கம்ப்யூட்டரில், ரிசால்வர் தரும் பதிலைக் காட்டும் 'டிக்' கட்டளையைத் தட்டினேன். பழைய எண், பக்கத்தில் 61200. சற்றுப் பொறுத்து மீண்டும் தட்டினால் 61188. மிச்ச ஆயுள் ஓடிக்கொண்டிருந்தது. 17 மணி நேரம்.

'டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் ஆகும்' என்று சொல்வார்களே, எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. எதுவும் எங்கும் பரவுவதில்லை. பழைய பதில்கள் ஒவ்வொரு இடத்திலும் அதனதன் நேரத்தில் மறக்கப்படுகின்றன, அவ்வளவுதான். முந்தின நாளே டிடிஎல்லை 300 ஆக்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மாற்றும்போது குறைத்துப் பயனில்லை. அதற்குள் பழைய ஒரு நாள் கணக்கு ரிசால்வருக்குப் போயிருக்கும்.

இதைவிட அசட்டுத்தனம் ஒன்றும் செய்தேன். ஆர்டருக்கென்று, டொமைனுக்கு முன்னால் ஒட்டும் தனித் துணைப்பெயர் வைக்க நினைத்து, ரெக்கார்டு எழுதும் முன்பே அவசரப்பட்டுத் திறந்து பார்த்தேன். 'அப்படிப் பெயரே இல்லை' என்ற பதிலையும் ரிசால்வர் நினைவில் வைக்கும்! அதற்கான கெடு, டொமைனின் பொது விவரங்கள் உள்ள எஸ்ஓஏ ரெக்கார்டில் இருக்கிறது. எழுதி முடித்த பிறகும், கடை கம்ப்யூட்டர் வெகுநேரம் 'இல்லை' என்றே சாதித்தது.

பழைய சர்வரை மட்டும் அணைக்கவில்லை. யாருடைய ரிசால்வர் எதை நினைவில் வைத்திருக்குமோ. இரவு முழுக்க இரண்டு பக்கமும் ஆர்டர் வந்தது.

மறுநாள் பத்து மணி தாண்டியதும் அத்தையின் அழைப்பு.

"இப்ப வந்திருச்சு. என்னடா பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல அத்தை."