'குறையாமல்', 'மிகாமல்': கல்லூரிக் கணக்கில் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம்

ஒவ்வொரு வருடமும் பி.காம். முதலாண்டு வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு கேள்வி கேட்பேன். "கடைசியா எந்த வகுப்புல கணக்குப் பாடம் படிச்சீங்க?" பாதிக்குக் குறையாத பேர் "பத்தாவது, மேம்" என்பார்கள். பிளஸ் ஒன்னில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடு என்று எடுத்து வந்த பிள்ளைகள். "இனிமே கணக்கே கிடையாது" என்ற நிம்மதியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, கல்லூரியில் கால அட்டவணையைப் பார்த்தால் வணிகக் கணிதம் என்று ஒரு பேப்பர் நிற்கிறது. அந்த முகங்களில் தெரியும் பயத்தைப் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன். இதை எழுதுவது அவர்களுக்காகவும், அவர்களைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் கவலைப்படும் பெற்றோருக்காகவும்.

இந்தப் பாடம் எதற்காக வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பயம் பாதி குறையும். அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கு ஃபைனைட் மேத்தமேட்டிக்ஸ் என்று பெயர். ஒரு காலத்தில் அங்கே கல்லூரிக் கணக்கு என்றால் நுண்கணிதம்தான், அதாவது கால்குலஸ். இயற்பியல், பொறியியல் படிப்பவர்களுக்கு அது சரி. சமூகவியலோ உயிரியலோ படிப்பவர்கள் என்ன செய்வார்கள்? டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனி, லாரி ஸ்னெல், ஜெரால்டு தாம்ப்சன் ஆகிய மூவரும் அவர்களை மனதில் வைத்து 1957-ல் ஒரு பாடநூல் எழுதினார்கள். கணங்கள், எண்ணும் முறைகள், நிகழ்தகவு, எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிப் போடும் அணிகள் என்று நுண்கணிதம் இல்லாமலே கற்கக்கூடியவை அதில் இருந்தன. இதே கெமனிதான் 1964-ல் தாமஸ் கர்ட்ஸுடன் சேர்ந்து பேசிக் என்ற கணினி மொழியை உருவாக்கியவர். அறிவியல் படிக்காத மாணவரும் கணினியைத் தொட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆக, கணக்கைத் தன் துறையாக எடுக்காதவர்களுக்காகவே யோசித்துச் செய்த பாடம் இது. நம் வணிகக் கணிதத்திலும் பெரும்பகுதி இதே சரக்குதான். கூடவே வட்டி, தவணை, நேரியல் திட்டமிடல். சில பல்கலைக்கழகங்களில் நுண்கணிதத்திலிருந்து வகையிடல் மட்டும் கொஞ்சம் இருக்கும்.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் அரியர் வைக்கிறார்கள்? விடைத்தாள் திருத்தும்போது நான் கண்டது இதுதான்: பலருக்கும் கணக்கு வரத்தான் செய்கிறது, கேள்வியை வாசிக்க வரவில்லை.

ஒரு கேள்வி சொல்கிறேன். ஒரு அம்மா வீட்டில் தையல் தொழில் செய்கிறார். ஒரு ஜாக்கெட் தைக்க 2 மணி நேரம், ஒரு சுடிதாருக்கு 3 மணி நேரம். வாரத்துக்கு 36 மணி நேரத்துக்கு மேல் அவரால் உட்கார முடியாது. ஒரு கடைக்கு வாரம் 6 ஜாக்கெட்டாவது தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். ஜாக்கெட்டில் லாபம் 150 ரூபாய், சுடிதாரில் 250. எதை எத்தனை தைத்தால் லாபம் அதிகம்?

ஆங்கிலக் கேள்வித்தாளில் அந்த ஜாக்கெட் வரி 'நாட் லெஸ் தேன் சிக்ஸ்' என்று வரும். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளையின் கண் 'லெஸ்' என்ற சொல்லில் போய் நிற்கும். உடனே ஜாக்கெட்டின் எண்ணிக்கை 6 அல்லது அதற்குக் கீழே என்று குறி போட்டுவிடும். அதன் பிறகு எல்லாம் அழகாக நடக்கும். வரைபடம் சுத்தமாக இருக்கும், மூலைப் புள்ளிகள் சரியாக இருக்கும், கடைசியில் விடை: ஜாக்கெட் 0, சுடிதார் 12, லாபம் 3,000 ரூபாய். கடைக்கு வாக்குக் கொடுத்த ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை! அந்த முரண் பிள்ளையின் கண்ணில் படுவதே இல்லை. சரியான விடை 6 ஜாக்கெட், 8 சுடிதார், லாபம் 2,900 ரூபாய்.

இதற்கு நான் வகுப்பில் சொல்லும் மருந்து நம்மிடமே இருக்கிறது. அரசு வேலைக்கான அறிவிப்புகளைப் பாருங்கள்: "வயது 18-க்குக் குறையாமலும் 35-க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும்." இந்த வாக்கியத்தை யாரும் தப்பாகப் புரிந்துகொள்வதில்லை. 18 வயதுக்காரர் விண்ணப்பிக்கலாம், 35 வயதுக்காரரும் விண்ணப்பிக்கலாம், 36 ஆனால் முடியாது. 'அட் லீஸ்ட்', 'நாட் லெஸ் தேன்' என்று வந்தால் பக்கத்தில் பென்சிலால் 'குறையாமல்' என்று எழுதுங்கள். 'அட் மோஸ்ட்', 'நாட் எக்சீடிங்' என்றால் 'மிகாமல்'. அதற்குப் பிறகு குறி போடுங்கள். ஆங்கிலத்தில் எழுதும் தேர்வுக்குத் தமிழில் யோசிப்பது குறைச்சல் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

கட்டுப்பாடுகளை மீறாமல் லாபத்தைக் கூட்டுவது அல்லது செலவைக் குறைப்பது, இதுதான் நேரியல் திட்டமிடல். மேலே பார்த்த தையல் கணக்கு அந்த வகை. அதைச் சின்ன விஷயமாக நினைக்கவும் வேண்டாம். 1945-ல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளியலாளர், ஒரு மனிதனுக்கு வேண்டிய 9 ஊட்டச்சத்துகளையும் 77 உணவுப் பொருள்களிலிருந்து மிகக் குறைந்த செலவில் எப்படிப் பெறுவது என்று கணக்குப் போட்டார். அவருக்குக் கிடைத்த விடை, 1939 விலைவாசியில் வருடத்துக்கு 39.93 டாலர். கோதுமை மாவு, முட்டைக்கோஸ், பசலைக்கீரை, காய்ந்த பீன்ஸ், சுண்டிய பால். அது முறையான வழியில் வந்த விடை அல்ல. அனுபவமும் ஊகமும் கலந்து எட்டியது. 1947-ல் ஜார்ஜ் டான்ட்ஸிக் இந்த வகைக் கணக்குகளைப் படிப்படியாகத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்ததும் இதே கணக்கில் அதைச் சோதித்தார்கள். ஒன்பது எழுத்தர்கள் கையால் இயக்கும் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு உழைத்தார்கள். மொத்தம் 120 ஆள்-நாள். விடை 39.69 டாலர். அன்று அத்தனை பேர் உழைத்துப் போட்ட அதே வகைக் கணக்கின் இரண்டு மாறி வடிவத்தைத்தான் நீங்கள் வரைபடத்தாளில் இருபது நிமிடத்தில் போடுகிறீர்கள்.

கணங்களிலும் இதே வாசிப்புச் சிக்கல் வரும். "டீ அல்லது காபி குடிப்பவர்கள்" என்றால் வீட்டுப் பேச்சில் இரண்டில் ஒன்று. கணக்கில் அப்படியல்ல, இரண்டும் குடிப்பவரும் அதில் சேர்த்தி. அதேபோல் 10 பேரில் 3 பேரைக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுப்பதும், 10 பேரில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூவரைப் போடுவதும் வேறு வேறு. முதலாவதற்கு 120 வழி, இரண்டாவதற்கு 720. எந்தச் சூத்திரம் என்று என்னைக் கேட்காதீர்கள். தேர்ந்தெடுத்த மூவரும் தங்களுக்குள் இடம் மாறினால் ஏதாவது மாறுகிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

இனி வட்டி. இந்தப் பாடத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி இதுதான், வகுப்பில் இதற்கு நேரமும் கூடுதலாகவே எடுப்பேன். நம் ஊரில் வட்டி தெரியாத பிள்ளை கிடையாது. "நூத்துக்கு ரெண்டு வட்டி" என்றால் மாதத்துக்கு 2 ரூபாய் என்று எல்லோரும் சொல்வார்கள். வருடத்துக்கு 24 சதவீதம் என்று சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவன் புது பைக்கில் வந்தான். 60,000 ரூபாய் கடன், 24 மாதத் தவணை. "12 பர்சன்ட்தான் மேம், மாசம் 3,100." வகுப்புக்கு அதையே கணக்காகக் கொடுத்தேன். 60,000-க்கு 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு 7,200, இரண்டு வருடத்துக்கு 14,400. மொத்தம் 74,400. அதை 24-ஆல் வகுத்தால் 3,100. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு இன்னொன்று கேட்டேன். மாதாமாதம் அசலில் 2,500 ரூபாய் கழிந்துகொண்டே வருகிறதே, கடைசி மாதம் பாக்கி எவ்வளவு? வெறும் 2,500. அதற்கு எவ்வளவு வட்டி கட்டுகிறான்? முதல் மாதம் கட்டிய அதே 600 ரூபாய். வகுப்பு அப்படியே அமைதியானது.

இதற்கு ஃபிளாட் ரேட் என்று பெயர். கடன் குறைந்தாலும் வட்டி முழுத்தொகைக்கே ஓடும். அதே 12 சதவீதத்தைக் குறையும் பாக்கிக்கு மட்டும் போட்டால் தவணை 2,824 ரூபாய், மொத்த வட்டி 7,786 ரூபாய்தான். திருப்பிக் கேட்டால், 3,100 ரூபாய் தவணைக்குக் குறையும் பாக்கி முறையில் உண்மையான வட்டி என்ன? ஏறக்குறைய 21.6 சதவீதம். பாடத்தில் தவணைக் கணக்குக்கு ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்கிறீர்களே, அதை வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தோம். ஐந்து மதிப்பெண்ணுக்கு என்று நினைத்துப் படித்த சூத்திரம்.

ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குப் புதிதாகக் கடன் கொடுக்கும் வங்கியும் நிதி நிறுவனமும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற தாளைத் தர வேண்டும். வட்டியோடு மற்ற கட்டணங்களையும் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் விழுகிறது என்பதை 'ஏ.பி.ஆர்.' என்று அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றும் உத்தரவு சொல்கிறது. வீட்டில் யாராவது கடன் வாங்கப் போனால் கூடப் போங்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி ஏ.பி.ஆர். என்ன என்று பாருங்கள்.

நிகழ்தகவில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆயிரம் பேரில் ஒருவருக்கு உள்ள நோய். நோய் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு 'இருக்கிறது' என்று பரிசோதனை தப்பாகக் காட்டிவிடும். ஒருவருக்கு 'இருக்கிறது' என்று வந்தால், அவருக்கு உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 1978-ல் ஹார்வர்டு மருத்துவ வட்டாரத்தில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் இதைக் கேட்டார்கள். பலர் சொன்ன பதில் 95 சதவீதம். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்தான். இதற்குப் புத்தகத்தில் இருக்கும் பேயஸ் தேற்றத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆட்களை எண்ணுங்கள். ஆயிரம் பேரில் நோயாளி 1, அவருக்குச் சரியாகவே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற 999 பேரில் ஏறக்குறைய 50 பேருக்குத் தப்பாகக் காட்டும். 51 பேரில் ஒருவருக்குத்தான் நோய், கிட்டத்தட்ட 2 சதவீதம். சதவீதத்தில் கேள்வி வந்தால் ஆயிரம் ஆளாக மாற்றிவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

அணிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி அது. நேர்மாறு அணி கண்டுபிடித்தால் முதல் அணியோடு பெருக்கிப் பாருங்கள். அலகு அணி வரவில்லை என்றால் எங்கோ ஒரு குறி தவறியிருக்கிறது.

இந்தக் குறி விஷயத்தை நான் லேசாகச் சொல்லவில்லை. மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, மற்ற எல்லாப் பேப்பரிலும் நல்ல மதிப்பெண். முதல் செமஸ்டர் கணக்கு மட்டும் நாலு தடவை எழுதியும் போகவில்லை. வளாகத் தேர்வில் வேலை கிடைத்திருந்தது, ஆனால் அரியர் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. தன் பழைய விடைத்தாள் நகலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே தவறு. மைனஸ் 3, மைனஸ் 5 இரண்டையும் கூட்டினால் பிளஸ் 8 என்று எழுதியிருந்தாள். "மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்னு சொல்லிக் கொடுத்தாங்க மேம்." பெருக்கலுக்குச் சொன்னதைக் கூட்டலுக்கும் வைத்துக்கொண்டு ஆறேழு வருடமாக வந்திருக்கிறாள். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. முதலாண்டில் அவள் என் வகுப்பில் இல்லை, ஆனாலும் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த தடவை எழுதித் தேறிவிட்டாள். அதற்குள் அந்த வேலை கைவிட்டுப் போயிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், ஜெராக்ஸ் கடையில் விற்கும் 'இம்பார்ட்டன்ட் கேள்வி'த் தாளை நம்பி உட்காராதீர்கள். நாற்பது எடுத்தால் போதும் என்று இரண்டு பாடத்தை மட்டும் மனப்பாடம் செய்பவர்கள், அதில் ஒரு எண்ணை மாற்றிக் கேட்டாலே நின்றுவிடுகிறார்கள். அதைவிட, கல்லூரி தொடங்கிய முதல் இரண்டு வாரம் எட்டாவது முதல் பத்தாவது வரையிலான கணக்குப் புத்தகங்களை எடுங்கள். குறியெண்களின் கூட்டல் கழித்தல், பின்னம், சதவீதம், ஒரு மாறிச் சமன்பாடு, இந்த நான்கும் போதும். கலைச்சொற்கள் புரியவில்லை என்றால் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகங்கள் தமிழிலேயே இருக்கின்றன. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். சி.ஏ. பவுண்டேஷனுக்கோ வங்கித் தேர்வுக்கோ போக நினைப்பவர்களுக்கு அங்கேயும் இதே கணக்குதான் காத்திருக்கிறது.

முதல் உள்தேர்வு முடிந்து விடைத்தாள் கைக்கு வரும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். தவறிய ஒவ்வொரு கணக்கிலும் சரியாக இருந்த கடைசி வரிக்கு அடியில் ஒரு கோடு போடுங்கள். அந்தத் தாளோடு உங்கள் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். "கணக்கே வரல, மேம்" என்று வருகிற பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது என்று எனக்கும் தெரிவதில்லை. கோடு போட்ட தாளோடு வந்தால் பத்து நிமிடம் போதும்.