மரங்கொத்தியின் தலை நிற்கும் இடம்

மட்டக்களப்பில் நாலு தென்னை நிற்கிற வளவு என்றால் மரங்கொத்தி வராமல் இருக்காது. அதைப் படம் எடுப்பதும் பெரிய காரியமில்லை. தலையைத் தெளிவாக எடுப்பதுதான் பாடு. காலில் இரண்டு விரல் முன்னுக்கும் இரண்டு பின்னுக்குமாக மரத்தைக் கவ்விப் பிடிக்கின்றன. விறைத்த வால் இறகுகள் கீழிருந்து முண்டு கொடுக்கின்றன. அதனால் உடம்பு அசையாது, படத்தில் இறகு இறகாக விழும். தலை மட்டும் கலங்கிப் போயிருக்கும்.

காரணம் வேகம். அமெரிக்க மரங்கொத்தி ஒன்றை அதிவேகக் கமராவில் எடுத்து 1979இல் வெளியிட்ட ஆய்வில், அலகு மரத்தில் மோதும்போது அதன் வேகம் செக்கனுக்கு 6 முதல் 7 மீற்றர். இந்தக் கணக்கில், ஷட்டர் 1/500 செக்கன் திறந்திருந்தால் அதற்குள் தலை 14 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். 1/4000 வைத்தால் 2 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆனால் தென்னோலை நிழலில் 1/4000க்கு வெளிச்சம் எங்கே? ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளி உணர்திறனை, கூட்ட வேண்டும், படம் புள்ளி புள்ளியாகிவிடும். போனில் ஸ்லோ மோஷன் எடுத்தாலும், செக்கனுக்கு 240 சட்டகம் என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் தலை கிட்டத்தட்ட 3 சென்டிமீற்றர் போய்விடுகிறது.

வேகத்தைத் துரத்துவதை விட, தலை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது புத்தி. முன்னும் பின்னும் போய்வரும் எதுவும் திரும்புகிற இடத்தில் ஒரு கணம் நின்றே ஆகவேண்டும். மரங்கொத்தித் தலைக்கு அப்படி இரண்டு இடம்: முழுதாகப் பின்னுக்கு இழுத்த நிலை ஒன்று, அலகு மரத்தில் பட்ட நிலை மற்றது. பட்ட கணத்தைப் பிடித்தாலும் கண் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். அடிக்குச் சற்று முன்னர் ஒரு மெல்லிய உள் இமை கண்ணை மூடிவிடுகிறது. மரத்தூளும் படாது, கண்ணும் அதிர்ச்சியில் பிதுங்காது. எனவே படத்துக்கு நல்லது பின்னிழுத்த நிலை. கண் திறந்திருக்கும், ஷட்டரும் அவ்வளவு வேகம் வேண்டாம். தொடர்படத்தில் எடுத்துத் தள்ளுங்கள், அப்புறம் பொறுக்கலாம்.

இதிலும் நேரம் பார்க்க வேண்டும். கொட்டு அடிப்பதுபோல் படபடவென்று ஒரே சீராகக் கேட்டால் அது இடத்துக்கு உரிமை கொண்டாடுகிறது அல்லது சோடியைக் கூப்பிடுகிறது. அப்போது தலை நிற்பதே தெரியாது. இரை தேடும்போது இரண்டு கொத்து, ஒரு நிறுத்தம், பட்டைக்குள் நாக்கை விட்டு எறும்பு எடுப்பது என்று ஆறுதலாக வேலை நடக்கும். படம் அப்போதுதான்.

இப்படி மோதியும் மூளை கலங்காதா? மண்டை ஓட்டில் பஞ்சுபோன்ற எலும்பு இருக்கிறது, அது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது என்று பலரும் படித்திருப்போம். எனக்கு அது எப்போதும் இடித்தது: சுத்தியலின் தலையில் பஞ்சு சுற்றிக்கொண்டு யார் ஆணி அடிப்பார்கள்? பெல்ஜியத்தில் அண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தின் சாம் வான் வாசன்பெர்க் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சந்தேகத்தைத்தான் உறுதி செய்தது. மெதுவாக ஓட்டிய காட்சிகளில் அலகும் மண்டையும் ஒன்றாகவே நின்றன. இடையில் எதுவும் அமுங்கவில்லை. அமுங்கினால் கொத்தின் பலம்தான் வீணாகும். மூளையைக் காப்பாற்றுவது அதன் சிறுமை. மூளை சிறியதாக இருக்க இருக்க, அதே அதிர்ச்சியில் அதற்குள் எழும் அழுத்தமும் குறையும்.

வெளிச்சத்துக்கு வருவோம். கல்லடி, களுவாஞ்சிகுடி போன்ற கரையோர ஊர்களில் காலை வெயில் கடல் பக்கமிருந்து வரும். முதுகைக் கடலுக்குக் காட்டி நின்றால் பறவையின் மேல் விழும். மாரி மழைக் காலத்தில் வெளிச்சம் குறைவு, ஷட்டர் வேகத்தில் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். கூடு இருக்கும் பொந்துக்குப் பக்கத்தில் பிளாஷோ, போனில் கூவல் ஒலியோ வேண்டாம்.

நிறத்தையும் கவனியுங்கள். இலங்கையில் நெருங்கிய உறவான இரண்டு மரங்கொத்தி இனங்கள் உண்டு: வடக்கில் உள்ளதற்கு முதுகு பொன்மஞ்சள். தெற்கில் உள்ளதற்குச் சிவப்பு, இந்தச் சிவப்பு முதுகு இனம் இலங்கைக்கே உரியது. இரண்டும் சந்திக்கும் நடுப்பகுதியில் கலந்து, செம்மஞ்சள் முதுகோடும் திரிகின்றன. மட்டக்களப்புக்கு வடக்கே வாகரைப் பக்கம் எடுத்த படத்தில் செம்மஞ்சள் தெரிந்தால் உடனே கலப்பு என்று எழுதிவிட வேண்டாம். மாலை வெயிலும் கமராவின் நிறச் சரிப்படுத்தலும் சிவப்பை எப்படியும் மாற்றும். அதே பறவையை முற்பகலில், நிழலில் இன்னொருமுறை எடுத்துப் பாருங்கள்.